வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நம்பிக்கை: வால் இல்லையென்றால் அது வாலில்லாக் குரங்கு.

உண்மை: குழப்பத்தில் பாதி நாம் வைத்த பெயரால் வந்தது. கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான், கிப்பன் ஆகியவற்றைத்தான் 'வாலில்லாக் குரங்குகள்' என்கிறோம். ஜிப்ரால்டர் பாறையில் திரியும் பார்பரி மக்காக்குக்கும் வால் கிடையாது. ஆனால் அது நம் கோயில் குரங்குகளுக்குப் பங்காளி. நம் ஊர்த் தேவாங்குக்கும் வெளியே தெரிகிற வால் இல்லை. அது குரங்கே இல்லை!

வாலை விட்டுவிட்டு மூக்கைப் பாருங்கள். பிரைமேட் என்னும் வரிசையை விலங்கியலாளர்கள் ஈரமூக்கு, உலர்மூக்கு என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். தேவாங்கும் மடகாஸ்கரின் லெமூர்களும் ஈரமூக்குக் கூட்டம். நாய்க்கு இருப்பதுபோல் மூக்கு நுனியில் ஈரம். கீழ்த்தாடை முன்பற்கள் சீப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும். காலின் இரண்டாம் விரலில் மட்டும் மயிர் கோதக் கூர்நகம். உலர்மூக்குப் பக்கம் டார்சியர், குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், பிறகு நாம். தென்கிழக்காசியாவின் டார்சியருக்கு ஒரு கண்ணே அதன் மூளையளவு இருக்கும்.

நம்பிக்கை: குரங்கு என்றால் வாலால் தொங்கும்.

உண்மை: கார்ட்டூன் செய்த வேலை. சிலந்திக் குரங்கு, ஊளைக் குரங்கு போன்ற சில அமெரிக்க இனங்களுக்கே அந்த வித்தை வரும். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளின் வால் சமநிலைக்குத்தான்.

நம்பிக்கை: சிம்பன்சியிலிருந்து மனிதன் வந்தான்.

உண்மை: இருவருக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது, ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிகள் பிரிந்தன. சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம்.

நம்பிக்கை: கருங்குரங்கு லேகியம் ஆஸ்துமாவைப் போக்கும்.

உண்மை: இதற்கு எந்த மருத்துவச் சான்றும் இல்லை. கருங்குரங்கு, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் கருமந்தி, இலை தின்னும் பிராணி. கோயில் வாசலில் தேங்காய்ச் சில்லைப் பிடுங்கி அதக்கிக்கொள்ள நாட்டுக்குரங்குக்கு இருக்கிற கன்னப்பை இதற்குக் கிடையாது. இலையைப் புளிக்கவைக்கப் பல அறை கொண்ட வயிறுதான் உண்டு. அந்த வயிற்றில் ஆஸ்துமாவுக்கு என்ன மருந்து இருக்கும்? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வேட்டையாடுவது குற்றம்.

தேவாங்குக்கும் இதே கதிதான்: கண்ணை மருந்தென்றும் உடம்பை மாந்திரீகப் பொருளென்றும் சொல்லிக் கொன்றார்கள். 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ராத்திரியில் அந்தப் பக்கம் வண்டியில் போகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். அது சாலையைக் கடக்க நேரம் எடுக்கும்.