முள் நீங்காதபோதும்

கேள்வி: மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறேன். விசுவாசம் இருந்தால் சந்தோஷமாக இருக்கலாம் என்கிறார்கள் சபையார். என்னால் முடியவில்லை. என் விசுவாசம்தான் குறைவோ?

பதில்: இல்லை. சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசும் பிலிப்பியர் நிருபம் சிறையிலிருந்து எழுதப்பட்டது. அதன் 2ஆம் அதிகாரத்தில், தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்ததையும், அவரை இழந்திருந்தால் தன் துயரம் இன்னும் கூடியிருக்கும் என்பதையும் பவுல் மறைக்காமல் எழுதுகிறார். தன்னோடு பயணித்த துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டு வந்தவரும் அவர்தான். தன் உடம்பிலிருந்த 'முள்' நீங்க மூன்று முறை மன்றாடினார்; நீங்கவில்லை. பவுலுக்கா விசுவாசம் போதவில்லை?

இயேசு பலரைக் குணமாக்கினாரே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால், பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அந்தக் கணக்கையே அவர் ஏற்கவில்லை. அப்படியானால் நம்பிக்கை வெறும் மனச்சமாதானம்தானே என்பது அடுத்த கேள்வி. இல்லை; தன்னை ஏமாற்றிக்கொள்பவர் வலியை மூடிமறைப்பார். 88ஆம் சங்கீதமோ இருளைச் சொல்லியே முடிகிறது. கடைசியில் ஒட்டவைத்த ஆறுதல் வரிகூடக் கிடையாது. அதையும் ஜெபமாகவே வேதாகமம் வைத்திருக்கிறது. புலம்பலைக் கேட்க ஒருவர் இருக்கிறார், உயிர்த்தெழுதல் இருப்பதால் இந்த உடம்பின் தளர்ச்சி கடைசிச் செய்தியல்ல: கிறிஸ்தவர் சொல்லும் சந்தோஷம் இந்த உறுதிதான். முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்பது வேறு விஷயம். இனி உபதேசிக்க வருபவரிடம், பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்; தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுலே கைமருந்து சொன்னவர்.