போர்முனைப் படங்களில் ஜீப் ஓட்டுபவர்

ஆவடி



போர்முனைக்குப் போகும் தொலைக்காட்சிச் செய்தியாளர்களையே முழுக்க மையமாக வைத்த இந்தியப் படம் ‘காபூல் எக்ஸ்பிரஸ்’. 2006 டிசம்பரில் வெளிவந்த இந்த இந்திப் படத்தின் இயக்குநர் கபீர் கான், அதற்கு முன்பு ஆவணப்படங்கள் எடுத்தவர். தாலிபான் ஆட்சி சரிந்த நாட்களில் கேமராவோடு ஆப்கானிஸ்தானில் திரிந்த அனுபவம்தான் படத்தின் மூலப்பொருள். அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது.

கதை 2001 நவம்பரில் நடக்கிறது. ஜான் ஆபிரகாமும் அர்ஷத் வார்சியும் இந்தியத் தொலைக்காட்சிக்காரர்கள். ஒரே ஒரு தாலிபானையாவது பேட்டி எடுத்துவிட வேண்டும் என்று அலைகிறார்கள். ஆள் அகப்படவில்லை. கடைசியில் ஒருவன் துப்பாக்கியோடு அவர்களுடைய ஜீப்பிலேயே ஏறி, பாகிஸ்தான் எல்லைக்கு விடச் சொல்கிறான். தாலிபான் உடையில் இருக்கும் அவன் உண்மையில் பாகிஸ்தான் ராணுவத்தான்.

இத்தகைய படங்களைப் பார்த்த மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அங்கே போய் மைக்கைப் பிடித்து நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்? கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. துணிச்சல் தேவைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மைக் பிடிப்பவர் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்? வண்டிக்கு டீசல் எங்கே கிடைத்தது? சோதனைச் சாவடியில் யார் இறங்கிப் பேசினார்? இவற்றுக்குப் பதில் தேடாமல் படத்தைப் பார்த்தால், ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசும் பிடிசி மட்டுமே மனதில் நிற்கும்.

‘காபூல் எக்ஸ்பிரஸ்’ படத்தில் அந்தப் பதில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. கைபர் என்ற ஆப்கானிய வழிகாட்டியாக ஹனீஃப் ஹம் கும் நடித்திருக்கிறார். செய்தித்துறையில் இவரைப் போன்றவருக்கு ஃபிக்ஸர் என்று பெயர். எந்தச் சாலையில் கண்ணிவெடி இருக்கிறது, எந்தத் தளபதி இந்த வாரம் யார் பக்கம், தாரி மொழியில் பேசுவதா பஷ்தூவில் பேசுவதா, எத்தனை டாலருக்குப் பேரம் முடியும், எப்போது வண்டியைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. வந்தவர்கள் டேப்புகளோடு விமானம் ஏறிவிடுவார்கள். அவரோ அதே தெருவில், அதே அண்டை வீட்டாரோடு இருந்தாக வேண்டும். வெளிநாட்டாரோடு சுற்றியவர் என்ற பெயரும் கூடவே இருக்கும்.

இது கற்பனைக் கவலை அல்ல என்பதைப் படம் வெளிவந்த சில மாதங்களிலேயே உலகம் பார்த்தது. 2007 மார்ச்சில் ஹெல்மண்ட் மாகாணத்தில் இத்தாலியப் பத்திரிகையாளர் டானியேலே மாஸ்ட்ரோஜியாகோமோவைத் தாலிபான்கள் கடத்தினார்கள். கூடவே ஓட்டுநர் சையத் ஆகாவும் ஃபிக்ஸர் அஜ்மல் நக்ஷ்பந்தியும் பிடிபட்டார்கள். ஓட்டுநரின் தலையை வெட்டினார்கள். சிறையிலிருந்த தாலிபான் ஆட்களை விடுவித்து, அதற்கு ஈடாக இத்தாலியர் மீட்கப்பட்டார். அஜ்மல் மீட்கப்படவில்லை, ஏப்ரலில் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி இயன் ஓல்ட்ஸ் எடுத்த ‘ஃபிக்ஸர்’ என்ற ஆவணப்படம் 2009-ல் வந்தது. இதழியல் படிப்பவர்கள் ‘காபூல் எக்ஸ்பிரஸ்’ பார்த்த கையோடு அதையும் பார்த்தே ஆக வேண்டும். ஒரே வண்டியில் போன மூவரில் யார் உயிருக்கு என்ன விலை வைக்கப்பட்டது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடப்புத்தகம் இல்லை.

மைக்கேல் விண்டர்பாட்டம் இயக்கிய ‘வெல்கம் டு சரயேவோ’ (1997) படத்திலும் இதே அச்சுதான். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மைக்கேல் நிக்கல்சன் போஸ்னியாவிலிருந்து ஒரு சிறுமியைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்த உண்மைக் கதை அதற்கு அடிப்படை. எல்லோரும் அந்தச் சிறுமியைப் பற்றியே பேசுகிறார்கள். குழுவின் ஓட்டுநர் ரிஸ்டோவைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. பதுங்கிச் சுடுபவனின் குண்டு அவரைத் தாக்குவது போர்முனையில் அல்ல, சொந்த வீட்டில்.

ஓட்டுநருக்கும் ஃபிக்ஸருக்கும் அடுத்து, செய்தியாளரை அங்கே நிற்க வைப்பது அனுமதி. 1991 ஜனவரி 17 அன்று பாக்தாதில் குண்டு விழத் தொடங்கியபோது சி.என்.என். மட்டும் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது. அல் ரஷீத் ஹோட்டலிலிருந்து பெர்னார்ட் ஷா, பீட்டர் ஆர்னெட், ஜான் ஹாலிமன் ஆகிய மூவரின் குரல்கள் வந்தன. குரல்கள் மட்டுமே. திரையில் தெரிந்தவை வரைபடமும் அவர்களுடைய புகைப்படங்களும். தொலைக்காட்சி வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற போர் இரவில் நேரடிக் காட்சியே இல்லை என்பது பலருக்கு நம்பக் கடினமான செய்தி. மற்ற தொலைபேசிகள் செத்தபோதும் வேலை செய்த தனி ‘நான்கு கம்பி’ இணைப்பை இராக்கிய அதிகாரிகளிடம் மல்லுக்கட்டி முன்கூட்டியே வாங்கி வைத்தவர் தயாரிப்பாளர் ராபர்ட் வீனர். அவர் எழுதிய ‘லைவ் ஃப்ரம் பாக்தாத்’ நூலே 2002-ல் அதே பெயரில் படமானது. வீனராக மைக்கேல் கீட்டன் நடித்தார். நூலை முதலில் படிப்பது நல்லது. அலுவலக வாசலில் காத்துக் கிடப்பதும் செய்தி சேகரிப்புதான் என்பது அப்போது புரியும்.

நம் நாட்டில் 1999 கார்கில் போர்தான் வரவேற்பறைக்கு வந்த முதல் போர். அதை வைத்து ஃபர்ஹான் அக்தர் எடுத்த ‘லக்ஷ்யா’வில் (2004) ப்ரீத்தி ஜிந்தா தொலைக்காட்சிச் செய்தியாளராக வருகிறார். இங்கே கைபரும் இல்லை, ரிஸ்டோவும் இல்லை. சொந்த ராணுவமே வழிகாட்டி என்பதால் கேள்வி கேட்க வேண்டியவர் விருந்தாளியாகிவிடுகிறார். ஆவடிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1965-ல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையின் மதிலையொட்டி வளர்ந்தவர்கள் அவர்கள். அனுமதி இல்லாமல் உள்ளே கேமரா போகாது என்பது அவர்களுக்குத் தெரியும். ராணுவம் வண்டியும் வீரர்களும் தந்து உதவும் படம் ராணுவத்தைக் கடுமையாக விசாரிக்கும் என்று எதிர்பார்ப்பது அறியாமை.

பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ஒரு தெருவையே செட் போட்டுவிடலாம். ‘காபூல் எக்ஸ்பிரஸ்’ படத்துக்குக் கபீர் கான் அப்படிச் செய்யவில்லை. கொலை மிரட்டல்களுக்கு நடுவே ஆப்கானிஸ்தானிலேயே எடுத்தார். அந்த உழைப்பு ஒவ்வொரு மலைச்சரிவிலும் தெரிகிறது. ஆனாலும் ஹஸாரா இனத்தவரை இழிவுபடுத்தும் வசனங்களுக்காக ஆப்கானிஸ்தான் அரசு படத்தைத் தடை செய்தது. நிலத்தை அவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் அங்குள்ள ஓர் இனத்தவரைப் பற்றி அலட்சியமாகப் பேசியது மன்னிக்கக் கூடிய குறை அல்ல.

வெளியிலிருந்து ஜீப்பே வராத போரும் உண்டு: இலங்கையின் உள்நாட்டுப் போர். 2008 செப்டம்பரில் ஐ.நா. மற்றும் தொண்டு நிறுவனங்களை வன்னியிலிருந்து இலங்கை அரசு வெளியேறச் சொன்னது. சுதந்திரமான செய்தியாளர்களுக்கும் வழி மூடப்பட்டிருந்தது. கடைசி மாதங்களின் காட்சிகள் உள்ளே சிக்கியவர்களின் கேமராக்களிலிருந்தும் சிப்பாய்களின் கைபேசிகளிலிருந்தும்தான் பின்னர் கசிந்தன. சேனல் 4-க்காகக் கேலம் மக்ரே 2011-ல் இயக்கிய ஆவணப்படமும், 2013-ல் அவர் எடுத்த ‘நோ ஃபயர் ஸோன்’ படமும் அவற்றைக் கொண்டே உருவானவை. விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த இசைப்பிரியா உயிரோடு பிடிபட்ட காட்சியை 2013-ல் சேனல் 4 ஒளிபரப்பியது. அவர் கதையைச் சொல்லும் ‘போர்க்களத்தில் ஒரு பூ’ என்ற தமிழ்ப் படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. ஆகவே வன்னியைப் பற்றி ஆராய விரும்பும் மாணவர், கதைப்படத்தைத் தேடாமல் மக்ரேயின் ஆவணப்படங்களிலிருந்து தொடங்கலாம்.


ஆசிரியர்