பழைய டிஃப்பைக் கராஜிலேயே விட்டுவிட்டு வந்தேன்

கந்தப்பளையில் எங்கள் தோட்டத்துக்குப் போகிற பாதை, மழை பெய்தால் பாதையே இல்லை. கரட், லீக்ஸ் மூட்டைகளை மேட்டில் ஏற்றினால்தான் லொறி நிற்கிற இடத்துக்கு வந்து சேரும். அதற்காகத்தான் இந்தப் பழைய ஜப்பான் டபுள் கேப். "வித்துட்டு வேற எடுங்களேன்" என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டி விலை எங்கே போய் நின்றது என்று அவர்கள் விசாரித்திருக்க மாட்டார்கள். நான் வைத்திருந்தது சரிதான். பழுதைப் பார்த்த விதம்தான் பிழை.

2023 மழையில் ஃபோர் வீல் விழவில்லை. லீவரைப் போட்டால் டேஷ்போர்டில் பச்சை லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பின் சக்கரம் சேற்றை வாரி இறைக்க, முன் சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும்.

கராஜ் பாஸ் ஐந்து நிமிடம் அடியில் படுத்துவிட்டு எழுந்து, "முன் டிஃப் போயிட்டு அண்ணே" என்றார். டிஃப், அதாவது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், போனால் ஊளையிடாதா, ஒயிலை இறக்கினால் இரும்புத்தூள் வராதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒயிலை இறக்கவும் இல்லை. மச்சானுக்குப் பஞ்சிகாவத்தையில் தெரிந்த உதிரிப்பாகக் கடை இருந்தது. மூன்றாம் நாள் பழைய சாமான் டிஃப் ஒன்று வந்து சேர்ந்தது. மாட்டினார்கள். லைட் சிமிட்டாமல் நின்று எரிந்தது. பாஸுக்கும் பையன்களுக்கும் மத்தியானச் சாப்பாடு என் செலவு.

என்னை ஏமாற்றியது அந்த லைட்தான். இந்த வகை வண்டிகளில் முன் அச்சைக் கோர்ப்பதும் பிரிப்பதும் காற்றுறிஞ்சலால் நடக்கிறது. டீசல் இன்ஜினில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் வெக்யூம் பம்ப் உறிஞ்ச, சின்ன வால்வுகள் அதைத் திறந்துவிட, மெல்லிய ரப்பர் குழாய் வழியாக அந்த இழுப்பு அச்சில் உள்ள டப்பாவுக்குப் போய் ஒரு கம்பியை நகர்த்தும். கம்பி நகர்ந்தால்தான் முன் சக்கரத்துக்கு இழுவை. மாற்றிய டிஃப் தன் டப்பாவோடு வந்தது. பையன் அதற்குப் புதுக் குழாய் வெட்டிப் போட்டான். வெடித்துப் போன பழைய ஒன்றரை அடிக் குழாய் குப்பைக்குப் போனது. நோய் குழாயில், பெயர் டிஃப்புக்கு.

அதோடு முடிந்திருந்தால் காசு போனது என்று விட்டிருப்பேன். என் வண்டியின் பின் டிஃப்பில் பெரிய பல்சக்கரத்துக்கு 39 பல், சின்னதுக்கு 8. வந்து சேர்ந்த முன் டிஃப்பில் 41க்கு 9. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. கணக்குப் போட்டால் ஒன்று 4.875, மற்றது 4.556. பின் சக்கரம் நூறு அடி போகிற நேரத்தில் முன் சக்கரம் நூற்றேழு அடி போகப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த ஏழு அடியை மன்னித்துவிடும். இரண்டு வாரம் மன்னித்தது. பிறகு ஒரு நாள் மேட்டின் உச்சியில் புதிதாகப் போட்ட கொங்கிரீட் துண்டில், லீவரை எடுக்காமலே ஏறினேன். ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. அடியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன் அச்சுக்கு இழுவையைக் கடத்தும் ட்ரான்ஸ்ஃபர் செயின் அறுந்து, உள்ளேயிருந்தே அதன் கூட்டையும் உடைத்துவிட்டது.

பல் சரியாக இருந்தாலும் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போடக் கூடாதுதான், எனக்கும் தெரியும். ஆனால் இருபது முப்பது அடிக்கு அறுகிற செயின் இல்லை அது.

அதனால் லைட் சிமிட்டினால் முதலில் ரப்பரைப் பாருங்கள். இன்ஜின் ஓட, ஃபோர் வீல் போட்டபடி அச்சுப் பக்கத்துக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குழாயின் வாயில் பெருவிரலை வையுங்கள். எதிலும் இழுப்பு இல்லையென்றால் பழுது குழாயிலோ வால்விலோ பம்பிலோ. இழுக்கிறது, ஆனால் கம்பி நகரவில்லையென்றால் டப்பாவைச் சந்தேகப்படுங்கள். அதன் முனையைத் துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். பிடித்து நின்றால் உள்ளே இருக்கும் ரப்பர் தோல் கிழியவில்லை. குழாயின் நுனிகளை மடித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அடியில் ஆள் படுக்குமுன் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

டிஃப் மாற்றியே தீர வேண்டுமென்றால், காசை எண்ணுமுன் மூடியைத் திறந்து பல்லை எண்ணுங்கள். அது உங்கள் பின் டிஃப்போடு ஒத்துப்போக வேண்டும். பின் டிஃப்பின் பல் கணக்கைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் கை பிரேக்கை விடுங்கள். ப்ரொப்பலர் சாஃப்டில் சோக்கால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை இருபது முறை சுற்றுங்கள். சாஃப்ட் நாற்பத்தைந்தரை சுற்றினால் 41க்கு 9, நாற்பத்தெட்டே முக்கால் என்றால் 39க்கு 8. இவ்வளவுதான், பத்து நிமிட வேலை. இதைச் செய்யத்தான் பாஸுக்கு நேரமில்லை. மச்சான் இன்றைக்கும் "கடைக்காரன் நல்லவன்" என்கிறார். கடைக்காரன் நல்லவன்தான், அவனிடம் யாரும் பல் எத்தனை என்று கேட்கவில்லை.

கழற்றிய சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள், துருப்பிடித்தாலும் சரி. செயின் அறுந்த பிறகு என் பழைய டிஃப்பைக் கேட்டுப் போனேன். இரும்புக்குப் போட்டாச்சு என்றார் பாஸ். இப்போது அது ராகலையில் ஒருவரின் வண்டியில் ஓடுகிறது என்று கேள்வி. சத்தமே இல்லையாம்.