ஓநாயா? நாயா?

"ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்." இந்தப் பழமொழி நமக்குத் தெரியும். ஓநாய் என்றாலே வஞ்சகம் என்று நினைக்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஓநாயை நேரில் பார்த்திருக்கிறோம்?

நாய்க்கு மூதாதை ஓநாய்தான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு பழகிய ஓநாய்களின் வழியில் வந்ததே நம் வீட்டு நாய். அதனால் இன்றும் ஓநாயும் நாயும் சேர்ந்தால் குட்டி பிறக்கும். அந்தக் குட்டியைக் கலப்பினம் என்கிறோம்.

இந்தக் கலப்பின விலங்கு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. மற்றொன்று நம் நாட்டிலிருந்து வருகிறது.

ஓநாயின் தூதுவர்

அமெரிக்காவில் சிலர் ஆசைக்காகக் கலப்பினக் குட்டிகளை வாங்குகிறார்கள். குட்டி பார்க்க அழகாக இருக்கும். வளர்ந்த பிறகு பல விலங்குகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வேலி தாண்டும். மண்ணைத் தோண்டி வெளியே போகும். கோழியைப் பிடிக்கும். வளர்த்தவர் கைவிட்டுவிடுவார்.

இப்படிக் கைவிடப்பட்ட விலங்குகளுக்கு அங்கே புகலிடங்கள் இருக்கின்றன. கொலராடோ மாநிலத்தில் உள்ள 'மிஷன் வுல்ஃப்' அவற்றில் ஒன்று. 1980களில் தொடங்கியது. மனிதரோடு பழகிய சில விலங்குகளைப் புகலிடத்தார் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் கொண்டு போனார்கள். அவற்றுக்குத் 'தூதுவர்' என்று பெயர் வைத்தார்கள். ஓநாய்க்காகப் பேச வந்த தூதுவர்!

பயத்தோடு வந்தவர்கள் அருகில் நின்று பார்த்தார்கள். கதையில் கேட்ட ஓநாய் வேறு, இந்த விலங்கு வேறு என்று உணர்ந்தார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. "நானும் ஒன்று வாங்கி வளர்ப்பேன்" என்று சிலருக்குத் தோன்றும். ஆகவே புகலிடம் நடத்துபவர்கள் மக்களிடம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள். கலப்பினம் முழு ஓநாய் அல்ல. அது வீட்டில் வளர்க்க ஏற்றதும் அல்ல.

புனே அருகே கண்டது என்ன?

மகாராஷ்டிர மாநிலத்தில் பரந்த புல்வெளிகள் உண்டு. ஓநாய்கள் அங்கே வெளிமானையும் முயலையும் எலியையும் வேட்டையாடுகின்றன. ஆட்டையும் பிடிக்கின்றன. புனே நகருக்கு அருகே, வழக்கமான சாம்பல் பழுப்பு நிறம் இல்லாத சில விலங்குகளை மக்கள் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்தார்கள். ஓநாயும் நாயும் கலந்திருப்பது 2023இல் உறுதியானது.

ஏன் இப்படி நடந்தது? புல்வெளி சுருங்குகிறது. வீடுகளும் ஆலைகளும் பெருகுகின்றன. குப்பையும் இறைச்சிக் கழிவும் வெளியில் குவிகின்றன. அதைத் தின்ன நாய்கள் கூடுகின்றன, ஓநாயும் வருகிறது. தன் இனத்தில் துணை கிடைக்காத ஓநாய் நாயோடு சேர்கிறது.

இதனால் என்ன கெடுதல்?

இந்தியாவில் சுமார் 3,000 ஓநாய்களே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நாய்களோ கோடிக்கணக்கில் இருக்கின்றன. கலப்பு தொடர்ந்தால் உண்மையான ஓநாய் இனம் மெல்ல மறைந்துவிடும்.

நோயும் பரவும். வெறிநோய் நாயிடமிருந்து ஓநாய்க்கு வரும். வெறி பிடித்த ஓநாய் ஊருக்குள் வந்து மனிதரையும் மாட்டையும் கடிக்கும்.

பயம் பொய்யா?

பயம் முழுவதும் பொய் அல்ல. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்கள் தாக்கிக் குழந்தைகள் பலர் இறந்தார்கள். பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! ஆனால் இப்படி நடப்பது அரிது. பெரும்பாலான ஓநாய்கள் மனிதரைக் கண்டால் விலகிப் போகும். ஆட்டை இழந்தவரின் கோபமும் நியாயமானதே. அதற்காக விஷம் வைத்தால் நாயும் கழுகும் சேர்ந்து சாகும். ஓநாயைக் கொல்வது சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

1. நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவோம். கருத்தடையும் செய்விப்போம்.
2. இறைச்சிக் கழிவையும் செத்த கோழியையும் வெளியில் எறிய வேண்டாம். ஆழக் குழி தோண்டிப் புதைப்போம்.
3. இரவில் ஆடுகளைப் பட்டியில் அடைப்போம். ஓநாய் நடமாடும் ஊர்களில் குழந்தைகளை வீட்டுக்குள் படுக்க வைப்போம்.
4. ஓநாய் ஆட்டைக் கொன்றால் உடனே வனத்துறைக்குச் சொல்வோம். அதிகாரி வந்து பார்க்கும் வரை செத்த ஆட்டை அகற்ற வேண்டாம். மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் இழப்பீடு கிடைக்கும்.
5. நாயோ ஓநாயோ கடித்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது. பயப்பட வேண்டாம். எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கலப்பினம், "ஓநாயைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்கிறது. புனே கலப்பினம், "உங்கள் நாயையும் குப்பையையும் கவனியுங்கள்" என்கிறது. இரண்டும் தூதுவர்கள்தான். இரண்டு செய்தியும் நமக்குத் தேவை.

சிந்தித்துப் பேசுங்கள்

• கலப்பினக் குட்டியை வீட்டில் வளர்ப்பது ஏன் நல்லதல்ல?
• ஓநாய்க்கு நாயால் வரும் இரண்டு ஆபத்துகள் எவை?
• உங்கள் ஊரில் இறைச்சிக் கழிவை எங்கே போடுகிறார்கள்? அங்கே எத்தனை நாய்கள் கூடுகின்றன? எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.