எருக்கும் வெந்தய வரியனும்

"தாவரத்திற்கும் விலங்கிற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக" என்றால் மாணவர்கள் தயங்குவதில்லை. தாவரம் உணவு தயாரிக்கும், விலங்கு தயாரிக்காது. விலங்கு இடம்பெயரும், தாவரம் பெயராது. மதிப்பெண் கிடைத்துவிடும்; உற்றுநோக்கல்தான் நடந்திருக்காது. அதனால் காரியாபட்டிப் பகுதியில் இந்தப் பாடத்தை நான் எருக்கஞ்செடியில் தொடங்குகிறேன். கண்மாய்க் கரை, சாலையோரம், பள்ளிச் சுவர் என எங்கும் நிற்கிற செடி. அதன் இலையைத் தின்று வளர்வது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி.

கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் முதுகில் மூன்று இணை கறுப்புக் கொம்புகளும் உள்ள புழுவைத் தேடச் சொன்னால் முதல் வகுப்புப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். முட்டை முதல் சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம்தான். குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்தால் ஒன்று புலப்படும்: புழுதான் வளர்கிறது, பூச்சி வளர்வதில்லை. எருக்கோ பூத்துக் காய்த்த பிறகும் புதுக் கிளை விடுகிறது.

அடுத்து, இடம்பெயர்தல். எருக்கங்காய் வெடித்ததும் விதை பஞ்சோடு பறக்கிறது. செடி வாழ்வின் தொடக்கத்தில் பயணம் போகிறது. பூச்சி கடைசிக் கட்டத்தில் போகிறது. "தாவரம் பெயராது" என்ற வரியை மாணவர்களே அடித்துத் திருத்துவார்கள்.

பூவும் வண்ணத்துப்பூச்சியும் நண்பர்கள் என்று தொடக்க வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்ததும் இங்கே கொஞ்சம் ஆட்டம் காணும். எருக்கம்பால் இதயத்தைத் தாக்கும் நச்சு. புழு முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகு தின்கிறது. நச்சில் ஒரு பகுதியை உடலில் சேர்த்துக்கொள்ளவும் வல்லது. தின்று பார்த்த பறவை மறுமுறை தவிர்க்கும். செடிக்கு இதில் இலை நட்டம்தான். எருக்கின் மகரந்தம் தூளாக இல்லாமல் சிறு பொதிகளாக இருக்கும். அதைப் பூவுக்குப் பூ கொண்டுபோவது பெரும்பாலும் கரிய தச்சுத் தேனீ. மாணவர் வாயில் அது 'கருவண்டு'.

வளாகத் தூய்மைப் பணியில் முதலில் வெட்டுப்படுவது எருக்குத்தான். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. விளையாடும் இடத்தில் வேண்டாம். பின்சுவர் மூலையில் ஒரு புதரை விட்டுவைக்கும்படி தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். எட்ட நின்று பார்ப்பது மட்டுமே. இலை கிள்ளுவது கூடாது. புழு இருக்கும் இலை வேண்டுமென்றால் ஆசிரியரே வெட்டி எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.