திருவண்ணாமலை மாநகராட்சி ஆயிடுச்சு... டவுன்ல கடை வாங்கலாமா? வேலூர், விழுப்புரம், புதுச்சேரி சொல்லும் பாடம்



"திருவண்ணாமலை மாநகராட்சி ஆயிடுச்சு. கோயிலைச் சுத்தி ஒரு கடை வாங்கிப் போட்டா பத்து வருஷத்துல விலை எங்கேயோ போயிடும்." 2024 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தப் பேச்சைக் கேட்காத திருவண்ணாமலைக்காரர் இருக்க மாட்டார். பக்கத்தில் ஒரு வேலூர்க்காரர் இருந்தால் விடுவாரா? "நாங்க 2008-லேயே மாநகராட்சி. ஸ்மார்ட் சிட்டியும் எங்களுக்குத்தான் வந்துச்சு." விழுப்புரத்துக்காரருக்கு ரயில்வே ஜங்ஷன் பெருமை. புதுச்சேரிக்காரர் சிரிச்சுக்கிட்டே கடற்கரையைக் காட்டுவார்.

ஊர்ப் பெருமை டீக்கடைக்கு நல்லது. ஆனா கையில் இருக்கிற சேமிப்போடு பேங்க் கடனும் சேர்த்து ஒரு கடை வாங்கப்போறவர் கேட்க வேண்டிய கேள்வி வேற: அந்தத் தெருவுக்கு யார் வர்றாங்க? வருஷத்துல எத்தனை நாள் வர்றாங்க? வந்தா எதுக்குச் செலவு பண்றாங்க?

இந்த மூணு கேள்வியை வெச்சு நாலு ஊரையும் பார்த்துடலாம்.

1. வேலூர்: தினமும் வரும் கூட்டம்

வேலூர் டவுனின் பொருளாதாரத்தைத் தாங்குவது கோட்டை இல்லை, சி.எம்.சி. மருத்துவமனை. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சின்ன மருத்துவமனை அது. இன்னைக்கு மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வர்றாங்க. கூட ஒருத்தர் ரெண்டு பேர் துணைக்கு வர்றாங்க, வாரக்கணக்கில் தங்குறாங்க. காந்தி ரோட்டில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எல்லாம் ஓடுவது இவர்களால்தான். பெங்காலி போர்டு மாட்டின சாப்பாட்டுக் கடையை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். இந்தக் கூட்டத்துக்கு செவ்வாய்க்கிழமையும் ஒண்ணுதான், ஞாயிற்றுக்கிழமையும் ஒண்ணுதான்.

ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வேலூர் சேர்ந்தது 2016-இல். ஒரு நகரத்துக்கு ஐந்து வருஷத்தில் மத்திய அரசு 500 கோடி ரூபாய், அதே அளவு மாநிலத்தின் பங்கு என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. சாலை, புதிய பேருந்து நிலையம் என்று அந்தப் பணம் போனது. ஆனா காந்தி ரோட்டு கடை வாடகை அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னது நோயாளிகளை நம்பித்தான்.

இதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கு. சி.எம்.சி. இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் பெரிய வளாகம் திறந்து, சில பிரிவுகளை அங்கே கொண்டுபோயிருக்கு. ஒரே ஒரு நிறுவனத்தை நம்பி நிற்கிற தெரு, அந்த நிறுவனம் இடம் மாறினால் ஆடும்.

2. திருவண்ணாமலை: பௌர்ணமிக் கூட்டம்

நம்ம ஊருக்கு வருவது பக்தர்கள். வருஷத்துக்கு 12 அல்லது 13 பௌர்ணமி, அதோடு கார்த்திகை தீபம். இப்போ சில வருஷமா ஆந்திரா, தெலங்கானா பக்தர்களால் சனி, ஞாயிறும் நிரம்பி வழியுது. 2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரையிலிருந்து நேரடி ரயிலும் வந்துடுச்சு.

கூட்டம் பெருசுதான். ஆனா அது எங்கே போகுதுன்னு பாருங்க. பௌர்ணமிக்கு வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களில் நிறுத்திடுவாங்க. அங்கிருந்து நடந்து வர்ற பக்தர் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்துறார். தண்ணீர் பாட்டில், இளநீர், டிபன், விபூதி, தேங்காய்: இதுதான் செலவு. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பாதையோரத் தள்ளுவண்டிக்கும் சின்ன ஓட்டலுக்கும் போகுது. அன்னைக்கு தேரடித் தெருவில் ஜவுளிக்கடையோ பாத்திரக்கடையோ வெச்சிருக்கிறவருக்கு வழக்கமான உள்ளூர் வாடிக்கையாளரே வர முடியாது. வண்டி உள்ளே வராதே!

அதனால "லட்சக்கணக்கான பேர் வர்றாங்க" என்று புரோக்கர் சொன்னால் மயங்க வேண்டாம். அந்த லட்சத்தில் உங்கள் கடைப் படி ஏறுகிறவர் எத்தனை பேர் என்பதுதான் வாடகை.

மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு கசிவும் உண்டு. பெரிய தொழிற்பேட்டை இருப்பது செய்யாறில். செய்யாறுக்குப் பக்கம் காஞ்சிபுரம். அங்கே சம்பளம் வாங்குறவர் பட்டுப்புடவை எடுக்க திருவண்ணாமலைக்கா வரப்போறார்?

3. விழுப்புரமும் புதுச்சேரியும்

விழுப்புரம் ஜங்ஷன் வழியா போகிறவர் ஏராளம். இறங்குகிறவர் குறைவு. கடந்து போகும் கூட்டம் டீக்கடையை வாழவைக்கும், ஷோரூமை வாழவைக்காது.

புதுச்சேரியில் பாடம் வேற மாதிரி. அங்கே ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டப் போறோம்னு சொன்னதும், "எங்க கடை திரும்பக் கிடைக்குமா, அதுவரைக்கும் எங்கே வியாபாரம் பண்றது?" என்று வியாபாரிகள் எதிர்த்தாங்க. நியாயமான பயம். டவுனைப் புதுப்பிப்பது ஊருக்கு நல்லது. ஆனா வேலை நடக்கும் காலத்தில் தெரு தோண்டிக் கிடக்கும், வியாபாரம் படுக்கும், EMI மட்டும் நிக்காது. மாட வீதிகளில் கான்கிரீட் சாலை போட்டப்போ நம்ம ஊர்க் கடைக்காரர்களும் இதைப் பார்த்தவங்கதான்.

4. இப்போ கணக்கு

ஒரு உதாரணம். கடை விலை 40 லட்சம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9%, அதாவது 3.6 லட்சம். மொத்தம் 43.6 லட்சம்.

வாடகை மாதம் 15,000. வருஷத்தில் ஒரு மாதம் காலியா இருக்கும்னு வெச்சுக்குவோம்: 1,65,000. சொத்து வரி, ரிப்பேருக்கு 15,000 கழிச்சா கையில் நிற்பது 1,50,000.

போட்ட பணத்துக்கு வருமானம் சுமார் 3.4%. உங்கள் பேங்க் எஃப்டி வட்டியோடு நீங்களே ஒப்பிட்டுக்கங்க.

இதில் 25 லட்சம் 9.5% வட்டிக் கடன் என்றால், முதல் வருஷ வட்டி மட்டும் சுமார் 2,37,000. வாடகை போக 87,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகணும். அசல் தனி.

"விலை ஏறுமே?" ஏறலாம். ஆனா வாடகை ஏறாமல் விலை மட்டும் ஏறுதுன்னா, அடுத்து வாங்குறவரும் உங்களை மாதிரியே நம்பிக்கையில்தான் வாங்குறார்.

5. அட்வான்ஸ் கொடுக்கும் முன்

* சொத்து யாருடையது? கோயிலைச் சுற்றி கோயில், மடத்து நிலங்கள் உண்டு. கோயில் நிலத்தைக் கிரயம் பண்ண முடியாது. "குட்வில் கொடுங்க, சாவி தர்றோம்" என்றால் நீங்கள் வாங்குவது சொத்து இல்லை, வாடகைதாரர் என்கிற இடம் மட்டும்தான். 30 வருஷ வில்லங்கம் போட்டு, வக்கீலிடம் காட்டுங்க.

* அறிவிப்பை நம்பி விலை கொடுக்காதீங்க. ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்டும் திட்டம் 2023-இல் எதிர்ப்பு, உயர் நீதிமன்ற வழக்கு என்று போய்க் கைவிடப்பட்டது. திண்டிவனம் ரயில் பாதைக்கு அனுமதி கிடைச்சு பல வருஷம் ஆச்சு, ரயில் இன்னும் ஓடலை.

* மலையடிவார மனை மலிவா கிடைச்சா இன்னும் கவனம். 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்துபோனதை மறக்க வேண்டாம்.

* ஒரு பௌர்ணமி, ஒரு சாதாரண புதன்கிழமை: ரெண்டு நாளும் அந்தக் கடை எதிரே ரெண்டு மணி நேரம் நின்னு எண்ணுங்க. முடிவை புதன்கிழமை எண்ணிக்கையை வெச்சு எடுங்க.

* அதே தெருவில் மூணு வாடகைதாரர்களைக் கேளுங்க. விற்கிறவர் சொல்லும் வாடகையும் கொடுக்கிறவர் சொல்லும் வாடகையும் பல நேரம் ஒண்ணா இருக்காது.

சொந்தமா வியாபாரம் பண்ணப்போறவருக்குக் கணக்கு மாறும். அவருக்கு அந்த இடமே தொழில். ஆனாலும் முதல் ரெண்டு வருஷம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துட்டு, அப்புறம் வாங்குவது பாதுகாப்பு.

நம்ம ஊர் வேலூரை ஜெயிக்கணும்னு ஆசைப்படுவதில் தப்பே இல்லை, நண்பர்களே. அந்த ஆசைக்கு உங்கள் ஓய்வுக்காலப் பணத்தைப் பந்தயம் கட்டாதீங்க.

(இது பொதுவான நிதிக் கல்விக்கான பதிவு. உங்கள் வயது, கடன், குடும்பச் சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுங்க.)