காற்றுக்கு ஏற்ற பாய்



ஹனோவர் நகருக்கு அண்மையில் ஸ்ரைன்ஹூடர் ஏரி உள்ளது. சராசரி ஆழம் ஏறத்தாழ 1.35 மீற்றரே ஆதலால், பாய்ப்பலகை ஓட்டப் பழகுவோர் பலர் அங்கு செல்வர். சென்ற கோடையில் 30 கிலோ எடையுள்ள எம் மாணவன் ஒருவன் தந்தையின் பாயைப் பூட்டிப் புறப்பட்டான். கரையிலிருந்து வீசிய காற்று அவனை ஏரியின் நடுவே தள்ளிச் சென்றது. விழுந்த பாயை நிமிர்த்த அவன் கைகளுக்கு வலுப் போதவில்லை. படகிற் சென்றே மீட்டனர். அன்று முதல் பெற்றோர் அவனை நீரருகே விடுவதில்லை. பிழை நீரினுடையதன்று, பாயின் அளவினுடையது.

பாயைத் தெரியுமுன் மூன்றைக் கருதுக.

1. காற்று: காற்றின் வேகம் இரு மடங்கானால், அதே பாயின் மீது அதன் விசை நான்கு மடங்காகும். எனவே காற்று வலுக்க வலுக்கப் பாய் சிறுக்க வேண்டும்.

2. உடல் எடை: பாயின் இழுவையை நம் எடையாலேயே ஈடுசெய்கிறோம். பழகியவர்க்கு ஓர் உத்தேசக் கணக்கு உண்டு: எடையை (கிலோ) 1.34ஆற் பெருக்கிக் காற்றின் வேகத்தால் (மணிக்குக் கடல்மைல்) வகுத்தால், பாயின் பரப்புச் சதுர மீற்றரில் வரும். 15 கடல்மைல் காற்றில் 60 கிலோ தந்தைக்கு 5.4, 30 கிலோ மகனுக்கு 2.7. அவன் எடுத்ததோ தனக்குரியதன் இரு மடங்கு! புதிதாகப் பழகுவோர் இதனினும் சிறிய பாயையே கொள்க.

3. பலகை: பெரிய பாய்க்கு அகன்ற பலகையும், அடியில் நீண்ட துடுப்புத் தகடும் வேண்டும். சிறிய பலகை பெரிய பாயைத் தாங்காது.

காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய சோழர் முன்னோனைப் புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் போற்றுகிறார். வடமராட்சியில் யான் ஆசிரியனாக இருந்த நாளில், காற்று மிகுந்தால் கடலோடிகள் பாயைச் சுருக்குவதைக் கண்டிருக்கிறேன். அதனை அச்சமென்று எவரும் நகைத்ததில்லை, அறிவென்றே மதித்தனர்.

பெற்றோரே! கடல் கடந்து வந்த நமக்கு நீரைக் கண்டால் நெஞ்சு பதறுவது இயல்பே. ஆயினும் தடுப்பதினும் கற்பிப்பதே காவல். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு மிதவைச் சட்டை அணிவித்து, கரையிலிருந்து வெளிநோக்கிக் காற்று வீசாத நாளில், பயிற்றுநரோடு அனுப்புங்கள். அம்மாணவனின் பெற்றோருக்கும் இதுவே என் வேண்டுகோள்.

பயிற்சி: 45 கிலோ எடையுள்ள, நன்கு பழகிய மாணவிக்கு 15 கடல்மைல் காற்றில் எவ்வளவு பரப்புள்ள பாய் வேண்டும்? காற்று 20 கடல்மைலானால் எவ்வளவு? (விடை: ஏறத்தாழ 4; 3 சதுர மீற்றர்)